கஷ்டத்தை ஒப்புக்கொள்வோம்

(நமது சங்கத்தின் மும்பைக் கிளை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வாழ்க்கையில் வரும் கஷ்டங்களை நம் வளர்ச்சிக்கான வாய்ப்பாக ஏற்றுக்கொள்வது எப்படி என்று பேசுங்கள்" என்று கிளைச் செயலாளர் கேட்டபோது, உடனே சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பயம் வந்தது. இது சொல்வதற்கு ரொம்ப சுலபமான விஷயம். அதுவும் கஷ்டம் அடுத்தவருடையதாக இருந்துவிட்டால் இன்னும் சுலபம். வேலை போனவர் வீட்டுக்குப் போகிறோம். "எல்லாம் நல்லதுக்குத்தான், பகவான் சோதிக்கிறான்" என்று சொல்கிறோம். காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். அதைக் கேட்டவர் மனசு என்ன பாடுபடும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அது தெரியும். ஏனென்றால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

1996-ஆம் வருஷம். எனக்கு வயது 44. ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 20 வருஷம் வேலை பார்த்திருந்தேன். ஒரு நாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனி மூடப்பட்டது. வீட்டில் பத்தாவது படிக்கும் பெண், ஏழாவது படிக்கும் பையன், வயதான என் தாயார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் எப்போதும் போல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு டோம்பிவிலியில் லோக்கல் ஏறினேன். மாட்டுங்காவில் இறங்கி, ஃபைவ் கார்டன்ஸில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் அங்கேயே தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன். மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பினேன். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இரண்டரை மாதம். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

அந்த இரண்டரை மாதத்தில் நான் என்ன வளர்ந்தேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. கஷ்டம் வந்தாலே மனிதன் பக்குவப்பட்டுவிடுவான் என்பது உண்மையில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் ராத்திரி, குழந்தைகள் தூங்கின பிறகு, என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏன்னா, பாங்கிலே பாஸ்புக்கைப் பதிஞ்சுண்டு வந்தேன். ரெண்டு மாசமா சம்பளம் ஏறலை. நீங்களா சொல்வேள்னுதான் பேசாம இருந்தேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "கீழ் வீட்டு மாமி தோசை மாவு அரைச்சுத் தர முடியுமான்னு கேட்டுண்டிருக்கா. ஒத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் விடிந்தது. காசு வந்துவிடவில்லை. ஆனால் உண்மை வெளியே வந்துவிட்டது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: கஷ்டத்தை ஏற்றுக்கொள்வது என்றால், முதலில் அதை ஒப்புக்கொள்வது. "எனக்கு இப்படி ஆகிவிட்டது" என்று வாய் திறந்து சொல்வது. அதைச் சொன்ன பிறகுதான் "இனி இங்கேயிருந்து என்ன செய்யலாம்?" என்ற கேள்வியே பிறக்கிறது.

பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கு என்ன பெயர் என்று நினைத்துப் பாருங்கள். அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துக்கம். வில்லைப் போட்டுவிட்டு, கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது என்று ஒரு மகாவீரன் தேரில் உட்கார்ந்துவிட்டான். அதற்கும் யோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன்? அவன் மறைக்கவில்லை. இரண்டு சேனைகளுக்கும் நடுவில், தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டான். அப்படி ஒப்புக்கொண்டு கேட்டதனால்தான் கிருஷ்ணன் பதில் சொன்னான்.

இதற்கு நம்மவர் வாழ்க்கையிலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன். இருவரும் பெண்கள். இருவரும் சிறு வயதில் கணவனை இழந்தவர்கள்.

கணித மேதை ராமானுஜனைத் தெரியாதவர் நம்மில் இல்லை. 1920-ல் 32 வயதில் அவர் காலமானார். நாம் அத்துடன் கதையை முடித்துவிடுகிறோம். அவருடைய மனைவி ஜானகி அம்மாளை நினைப்பதில்லை. 1899-ல் பிறந்தவர். பத்து வயதில் கல்யாணம். கணவர் இங்கிலாந்து போய் ஐந்து வருஷம் கழித்து, நோயாளியாகத் திரும்பி வந்தார். கடைசி வருஷம் பணிவிடை செய்தார். 21 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை இல்லை. அதிகப் படிப்பில்லை.

அவர் பிறகு வந்தது எங்கே தெரியுமா? இதே பம்பாய்க்குத்தான். இங்கே இருந்த சகோதரர் வீட்டுக்கு வந்தார். இங்கே தையல் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்துச் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்து, தையல் மெஷினை வைத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தும், மற்றப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் வாழ்ந்தார். பிற்பாடு, இறந்துபோன தன் தோழியின் மகனை எடுத்து வளர்த்து, படிக்க வைத்து ஆளாக்கினார். 1994-ல், 95-ஆவது வயதில் காலமானார்.

கணவருக்கு ஒரு சிலை வைக்கவில்லையே என்ற குறை அவருக்கு முதுமையில் இருந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி அதைத் தெரிந்துகொண்டு, பல நாட்டுக் கணித அறிஞர்களிடம் பணம் சேர்த்து, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு ராமானுஜனுக்கு மார்பளவு சிலை செய்வித்தார். அது ஜானகி அம்மாளிடமும் வந்து சேர்ந்தது. தன் குறையை அவர் வாய்விட்டுச் சொன்னதால்தான் அது நடந்தது என்பதையும் கவனியுங்கள். பெருமைக்குரிய கணவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் அவர் உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 21 வயதில் "இது என் நிலைமை, இனி என் கையால் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, சகோதரி சுப்பலட்சுமி. 1886-ல் சென்னையில் பிறந்தார். பதினோரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பதை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களில், அத்தைப் பாட்டிமார்களில் சிலரை நாமே பார்த்திருக்கிறோம். தலையை மழித்து, நார்மடி கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டுடன், சமையலறை இருட்டில் ஆயுசு முழுவதும் கழித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழந்தைகளுக்குக் கணவர் இறந்தது விதி. ஆனால் அதற்கப்புறம் நடந்தது விதி இல்லை, நாம் செய்தது. நம் சமூகம் செய்தது. அதைப் போய் "வளர்ச்சிக்கான வாய்ப்பு" என்று யாராவது சொன்னால், அது பாவம். நடந்துபோனதை ஏற்றுக்கொள்ளலாம். அநியாயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தின் பெயராலும் ஒருவருக்கு உபதேசம் செய்யக்கூடாது.

சுப்பலட்சுமியின் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் உபதேசம் செய்யவில்லை. பெண்ணை உட்கார வைத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். ஊர் பேசியது. உறவு பேசியது. அவர் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு காலேஜுக்கும் அனுப்பினார். அவருடைய சித்தியும் ஒரு விதவைதான். அந்தச் சித்தி குடும்பப் பொறுப்பையும், பிற்பாடு இல்லத்துப் பொறுப்பையும் கூடவே நின்று சுமந்தார். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்பலட்சுமி பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவர்தான் என்று சொல்வார்கள்.

அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு தனிமனிதரின் வெற்றி. ஆனால் தனக்குக் கிடைத்தது மற்றக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லையே என்று அவர் நினைத்தார். 1912-ல் எழும்பூரில் தங்கள் வீட்டிலேயே நான்கு பால விதவைகளை வைத்துக்கொண்டு படிப்புச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அது வளர்ந்து, மெரினா கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்குப் போனது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைத்த கட்டடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. மூலையில் உட்கார வேண்டியிருந்த பெண்கள் அந்தக் கட்டடத்திலிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். 1922-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர். 1958-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969-ல் காலமானார்.

இந்த இருவர் வாழ்க்கையிலும் மூன்று படிகள் தெரிகின்றன. ஒன்று, நடந்ததை ஒப்புக்கொண்டார்கள். இரண்டு, கைக்கு எட்டிய ஒரு சின்ன வேலையில் ஆரம்பித்தார்கள். ஒருவருக்குத் தையல், ஒருவருக்கு நான்கு குழந்தைகள். மூன்று, தங்கள் கஷ்டத்தின் வழியாக அடுத்தவர் கஷ்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது படிதான் வளர்ச்சி என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். என் மனைவி மாவு அரைத்தாள். நான் வீட்டு வாசல் ஹாலில் பதினொன்றாவது, பன்னிரண்டாவது காமர்ஸ் பிள்ளைகளுக்கு புக் கீப்பிங் டியூஷன் எடுத்தேன். பழைய சம்பளம் திரும்பி வரவே இல்லை. அவளுடைய நான்கு வளையல்களும் போயின. அவையும் திரும்பி வரவில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. பரீட்சையில் தவறிய பிள்ளைகள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். ஒரு பையன் இரண்டு தடவை ஃபெயில். வீட்டுக்குத் தெரியாமல் மார்க் ஷீட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முகம்தான் அது. "வாடா, முதல்ல உங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லிடலாம், நான் கூட வரேன்" என்று அழைத்துக்கொண்டு போனேன். கணக்குப் பிரிவில் இருந்த பழைய ஆளுக்கு அந்த முகம் கண்ணில் பட்டிருக்காது.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் கௌரவம் பார்ப்பவர்கள். கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். வெள்ளை வேஷ்டியும் விபூதியுமாக, அல்லது திருமண்ணுமாகக் கூட்டத்துக்கு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று நமக்குத் தெரியாது. ஆகவே, யாராவது வாய் திறந்து சொன்னால், தத்துவம் பேசாதீர்கள். சுப்பலட்சுமியின் தகப்பனாரைப் போல ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்த இடத்தில் வேலை இருந்தால் சொல்லுங்கள். பிள்ளையின் ஃபீஸ் கட்டும் தேதியைக் கேளுங்கள். தனியாக இருக்கும் மாமியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். எதுவும் முடியாவிட்டால், ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. இந்தக் கூட்டத்திலும் யாராவது டிபன் டப்பாவோடு எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் இருக்கலாம். இன்று ராத்திரி வீட்டில் சொல்லிவிடுங்கள். அனேகமாக அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.