ஒரு கேள்வியோடு குடியிருத்தல்



மும்பைக்குப் பக்கத்தில் அம்பர்நாத் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால், வால்துனி ஆற்றங்கரையில் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது. முழுக்க முழுக்கக் கருங்கல். அந்தக் கோயிலில் சுவாமியைப் பார்க்கப் படியேற வேண்டியதில்லை, இறங்க வேண்டும். தரை மட்டத்திலிருந்து ஏறக்குறைய இருபது படிகள் கீழே இருக்கிறது கருவறை. அண்ணாந்து பார்த்தால் மேலே கூரை கிடையாது, ஆகாயம் தெரியும். ஏன் கூரை இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். வனவாசத்தில் இருந்த பாண்டவர்கள் இந்தக் கோயிலை ஒரே ராத்திரியில் கட்டினார்களாம். முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

கோயிலுக்குள் இருக்கும் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. கொங்கணத்தை ஆண்ட சிலாஹார அரசர்களில் சித்தராஜன் காலத்தில் வேலை தொடங்கி, மும்முனி காலத்தில் நிறைவு பெற்றது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. கல்வெட்டில் உள்ள ஆண்டு சக வருஷம் 982, அதாவது கி.பி. 1060. முதலில் அதைப் படித்தவர்கள் 782 என்று படித்தார்கள். தேய்ந்த எழுத்து, தவறு சகஜம்தான். பிறகு வந்தவர்கள் அச்சில் வந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், அதே கல்லை மறுபடி பார்த்தார்கள். ஓர் இலக்கம் திருந்தியது. கோயிலின் வயதில் 200 வருஷம் குறைந்தது. முடிந்துபோனது என்று எல்லாரும் நினைத்த ஒன்றை மறுபடி எடுத்துப் பார்க்கிற அந்தப் பொறுமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆழ்ந்து சிந்திப்பது பற்றியும் நம்மிடம் ஒரே ராத்திரிக் கதைகள் நிறைய உண்டு. கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ராமானுஜனே அப்படி நம்பினார், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, 1903 வாக்கில், கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். நடுவே பத்து வருஷம். சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதி, தேறியதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றிய பத்து வருஷம். கல்லூரிப் பரீட்சைகளில் தோற்றதும் அந்தப் பத்து வருஷத்துக்குள்தான். கனவைச் சொல்கிற நாம் இந்தப் பத்து வருஷத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

இன்னும் அதிகம் சொல்லப்படாத ஒரு கதை நம் மும்பையிலேயே நடந்திருக்கிறது. 1932-இல் பிறந்த இரண்டு தமிழர்களின் கதை. ஒருவர் வட ஆர்க்காட்டில் தண்டரை என்ற கிராமத்துக்காரர், எம்.எஸ். நரசிம்மன். மற்றவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் படித்தார்கள். அங்கே சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணித ஆசிரியராக இருந்தார். ஐரோப்பாவில் அப்போது புதிதாக உருவாகிக்கொண்டிருந்த கணிதத்தைச் சென்னைப் பிள்ளைகளுக்குக் காட்டிய மனிதர். ஆர்வமுள்ள மாணவர்களிடம், பம்பாய்க்குப் போங்கள், ஹோமி பாபா தொடங்கியிருக்கிற டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேருங்கள் என்று சொல்லி அனுப்பினார். 1953-இல் இருவரும் வந்து சேர்ந்தார்கள். இருபத்தொரு வயது.

அப்போது அந்த நிலையம் கொலாபாவில் கடலைப் பார்த்து நிற்கும் இன்றைய கட்டடத்தில் இல்லை. அதை நேரு திறந்துவைத்தது 1962-இல். 1953-இல் கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் பழைய யாட் கிளப் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய கணித அறிஞர்கள் வந்து வாரக்கணக்கில் வகுப்பு எடுப்பார்கள். மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. கேட்ட வகுப்பை அவர்களே எழுத வேண்டும். அது புத்தகமாக அச்சேறும். பாரிஸிலிருந்து வந்த லோரான் ஷ்வார்ட்ஸின் உரைகளை 1955-இல் எழுதித் தந்தவர் நரசிம்மன். இந்த ஏற்பாட்டை நினைத்து நான் வியந்திருக்கிறேன். காதால் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். உட்கார்ந்து வரிக்கு வரி எழுதும்போதுதான், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நாம் எப்படி வந்தோம் என்பதே தெரியவில்லை என்பது தெரியவரும். இன்னொருவருடைய சிந்தனையைத் தன் கையால் எழுதி, அதில் ஓட்டை இல்லாமல் அச்சுக்குக் கொடுப்பது சின்ன வேலை இல்லை. சுயமாகச் சிந்திப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நரசிம்மனும் சேஷாத்ரியும் கையில் எடுத்த கேள்வி அவர்களுடையதல்ல. ஆந்த்ரே வெய்ல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1938-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. இந்த வெய்ல் தம் இருபதுகளில் அலிகார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய கட்டுரை அச்சாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதில் இருந்த முக்கியமான கேள்வி முழுசாகத் தீரவில்லை.

கேள்வியின் சாயலை மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். மாட்டுங்காவில் சாப்பிடுகிற மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓட்டை இரண்டோ மூன்றோ இருக்கட்டும். அதன் மேல்தோலில் ஓர் எறும்பு நடக்கிறது. ஒரு ஓட்டையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. அது கையில் ஒரு அம்புக்குறியை ஏந்திக்கொண்டு போனது என்றால், திரும்பி வரும்போது அம்பு வேறு திசையைக் காட்டலாம். எந்தச் சுற்றுக்கு எவ்வளவு திரும்பும் என்பது ஒரு கணக்கு. இது சுழற்சிகளின் உலகம். அதே தோலின் மேல் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெளியை நட்டு, எல்லாவற்றையும் சமன்பாடுகளால் கோத்துக் கட்டலாம். இது இயற்கணிதத்தின் உலகம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்றால் சரியாக எது எதற்கு ஜோடி?

நரசிம்மன் பகுப்பாய்வுப் பக்கத்திலிருந்து வந்தவர், சேஷாத்ரி இயற்கணித வடிவியல்காரர். இந்தக் கேள்விக்கு ஒருவருடைய படிப்பு மட்டும் போதாது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருவரும் பாரிஸில் இருந்தார்கள், திரும்பி வந்தார்கள், பம்பாயில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சுழற்சிகளிலிருந்து பிறக்கும் அமைப்புகளைப் பற்றி 1964-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது பாதி வழிதான். இதே சமயத்தில் டேவிட் மம்ஃபோர்ட் என்ற அமெரிக்கர், வேறு ஒரு நோக்கத்துக்காக, இயற்கணிதப் பக்கத்தில் நிலைத்தன்மை என்று ஒரு கருத்தை வகுத்து, 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகக் கணித மாநாட்டில் பேசியிருந்தார். பம்பாயில் இருந்த இந்த இருவருக்கும் அதில்தான் முடிச்சின் நுனி கிடைத்தது. மம்ஃபோர்ட் சொல்கிற நிலையான அமைப்புகளும், தாங்கள் சுழற்சிகளிலிருந்து கட்டிய அமைப்புகளும் ஒன்றுக்கொன்று ஜோடி என்று முழுமையாக நிரூபித்தார்கள். 1965-இல் வெளியானது. உலகம் இன்று அதை நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று அழைக்கிறது.

மம்ஃபோர்டின் கருத்தை அந்த வருஷங்களில் எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். கேள்வியோடு வருஷக்கணக்காகக் குடியிருந்தவர்களுக்குத்தான் அது திறவுகோல் என்று தெரிந்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எதைத் தேடுகிறோம் என்பது மனசில் துல்லியமாக இருந்தால்தான், வேறெங்கோ வேறெதற்கோ சொல்லப்பட்ட ஒரு சொல் நம்முடையது என்று அடையாளம் தெரியும். அந்தத் துல்லியம் வருவதற்குத்தான் இத்தனை வருஷம்.

பலன் உடனே தெரிந்துவிடவும் இல்லை. 1983-இல் அட்டியா, பாட் என்ற இரு கணித அறிஞர்கள் இயற்பியலில் வரும் யாங்–மில்ஸ் சமன்பாடுகளை இந்தத் தேற்றத்தோடு இணைத்துக் காட்டினார்கள். அதே வருஷம் சைமன் டொனால்ட்சன் புதிய நிரூபணம் ஒன்றைத் தந்தார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகுதான் கணித உலகம் அதன் முழு ஆழத்தைக் கண்டது. சேஷாத்ரி பின்னாளில் சென்னை திரும்பி, சென்னைக் கணிதவியல் நிலையத்தை உருவாக்கினார். கர்நாடக சங்கீதத்தில் தேர்ச்சி பெற்றவர். 2020-இல் காலமானார், அடுத்த வருஷமே நரசிம்மனும் போய்விட்டார்.

இதெல்லாம் பெரிய படிப்புக்காரர்கள் விஷயம், நமக்கெதற்கு என்று யாராவது நினைக்கலாம். அம்பர்நாத்தில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியிலும் மெஷின் டூல் ஃபேக்டரியிலும் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாகம் அளவு தப்பி வந்தால், புதிதாக வந்த பையன் உடனே டூலை மாற்றுவான். அனுபவசாலி மெஷினை நிறுத்திவிட்டு யோசிப்பார். டூல் தேய்ந்ததா, பிடிமானம் தளர்ந்ததா, இரும்பே வேறு சரக்கா, இல்லை அளக்கிற மைக்ரோமீட்டரே தப்பா? கண்ணுக்குத் தெரிகிற காரணத்தை அவர் சந்தேகிக்கிறார். தாராவியில் தோல் வெட்டுகிறவரும், செம்பூரில் பிள்ளைகளை வளர்க்கிற அம்மாவும் இப்படி நின்று யோசிக்கிறவர்கள்தான். சிந்தனையின் ஆழம் பட்டத்தில் இல்லை.

இடமில்லை, அமைதியில்லை என்கிற குறையும் எனக்குத் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும்போது எங்கே போய் யோசிப்பது? நியாயமான குறை. ஆனாலும் நரசிம்மனும் சேஷாத்ரியும் இரண்டு பேராகத்தான் யோசித்தார்கள். பேசிப் பேசி, மறுத்து மறுத்து. கேட்க ஒரு ஆள் இருந்தால் ரயில் பெட்டியிலும் அது நடக்கும்.

எனக்குக் கவலை தருவது வேறு. நம் பிள்ளைகள் எழுதுகிற ஜே.ஈ.ஈ. மெயின் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை. அதற்காக எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் கிளாஸ். பரீட்சைக்கு வேகம் வேண்டும், மறுக்கவில்லை, அதை நம்பித்தான் பல குடும்பங்களின் எதிர்காலம் இருக்கிறது. ஆனால் இரண்டரை நிமிஷத்தில் விடை வராத கேள்வி தனக்கு வேண்டாத கேள்வி என்று ஒரு குழந்தை பழகிவிட்டால், அது இழப்பது மிகப் பெரிது. வாழ்க்கையில் முக்கியமான எந்தக் கேள்விக்கும் இரண்டரை நிமிஷத்தில் விடை வருவதில்லை. இப்போது கையிலிருக்கும் போன் அந்த இரண்டரை நிமிஷத்தையும் இரண்டு விநாடியாக்கிவிட்டது.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கணக்கைக் கொடுங்கள், கொஞ்சம் கஷ்டமானதாக. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு வரை விடையை நீங்களும் சொல்லாதீர்கள், போனிலும் பார்க்க விடாதீர்கள். தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், இன்றைக்கு எதுவரை வந்தாய், எங்கே நின்றுவிட்டாய் என்று மட்டும் கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். வாரம் முடிந்தும் விடை வராமல் போகலாம். அப்போது தயவுசெய்து அந்த வாரம் வீணாய்ப் போயிற்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.