சம்பளம் இழுத்ததா, தோட்டம் தள்ளியதா?

கோலாலம்பூரில் சம்பளம் அதிகம், அதனால்தான் பேராக் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை.

1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயாவிலேயே மக்கள் அதிகம் வாழ்ந்த மாநிலம் பேராக். 12 லட்சம் பேருக்கு மேல். கோலாலம்பூரையும் சேர்த்துச் சிலாங்கூரில் அன்று 10 லட்சம்தான். 2020 கணக்கெடுப்பில் பேராக் சுமார் 25 லட்சம். கோலாலம்பூரைச் சேர்க்காமலே சிலாங்கூர் ஏறக்குறைய 70 லட்சம். பிறப்புக் கணக்கு மட்டும் இந்த இடைவெளியை உண்டாக்கிவிடாது.

சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் சம்பளம் என்றைக்குமே குறைவு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அன்றைய கூலியும் இல்லை. ஆனாலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. பள்ளியும் கோயிலும் ஆயாக் கொட்டகையும் நடை தூரத்தில் இருந்தன. அந்தக் குறைந்த கூலியில் இவையும் அடக்கம். வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் அதில் மறைந்திருந்த ஆபத்து. தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். சம்பளம் இழுப்பதற்கு முன்பே தோட்டம் தள்ளிவிட்டது.

தள்ளப்பட்டவர்களை ஈப்போ ஏற்றிருக்க வேண்டும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடிக்கொண்டே வந்தன. ஆகவே பலர் ஈப்போவைத் தாண்டி பாயான் லெப்பாஸ், ஷா ஆலாம், ஜொகூர்பாரு, சிங்கப்பூர் என்று போனார்கள். தொழிற்சாலைச் சம்பளமும் பிரமாதமில்லை. ஆனால் மழையானாலும் வெயிலானாலும் மாதக் கடைசியில் வந்தது, ஓவர்டைம் உண்டு, முன்பே போன மச்சான் வீட்டில் படுக்க இடமும் உண்டு. மனிதன் வெறும் சம்பளத்தை ஒப்பிடுவதில்லை, அங்கே வேலை கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறான் என்று ஹாரிஸ், டோடாரோ என்ற பொருளாதார அறிஞர்கள் 1970இல் ஆப்பிரிக்க நகரங்களைக் கொண்டு விளக்கினார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் அதைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

2020 பிப்ரவரியில் 56 மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளியானது. மற்ற இடங்களில் 1,100 வெள்ளிதான். ஈப்போவுக்கு ஒரு விலை, தாப்பாவுக்கு ஒரு விலை! தாப்பாவில் அரிசியும் மோட்டார் சைக்கிள் தவணையும் 100 வெள்ளி மலிவா? 2022 மே மாதம் 1,500 வெள்ளி அறிமுகமானபோது அந்தப் பாகுபாடு பெரும்பாலும் நீங்கியது. 2025 முதல் 1,700 வெள்ளி.

அடிமட்டம் சமமானாலும் ஏணி சமமாகவில்லை. 2019இல் பேராக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 4,273 வெள்ளி. சிலாங்கூரில் 8,210 வெள்ளி. முதல் வேலை ஈப்போவிலும் கிடைக்கும். பத்து ஆண்டு அனுபவத்துக்குப் பின் ஏறுவதற்குப் படிகள் குறைவு. 1969 முதல் ஈப்போவின் உங்கு ஓமார் பொலிடெக்னிக் பயிற்றுவிக்கும் கைகளுக்குப் பிற மாநிலங்களில் நல்ல கிராக்கி!

வீட்டில் எஞ்சுவது பெற்றோர். நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் அதிகமுள்ள மாநிலம் பேராக். தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் மிகக் குறைவு. போன பிள்ளையின் கூடுதல் சம்பளத்திலோ கிள்ளான் பள்ளத்தாக்கின் வாடகை ஒரு பெரும் பங்கை விழுங்குகிறது. புறப்படுமுன் அதையும் கழித்துப் பார்ப்பது நல்லது.

பேராக்கிலும் கார் ஆலை உண்டே என்பார்கள். உண்டு, சிலாங்கூர் எல்லையை ஒட்டிய தஞ்சோங் மாலிமில். சுங்கை சிப்புட்டிலிருந்து அது தினமும் போய்வரும் தூரமல்ல. அங்கே வேலை கிடைத்தவரும் வாடகை வீடுதான் தேட வேண்டியிருக்கிறது.