கண்ணுள் வினைஞர்: சிறுவர் நூல்களுக்குப் படம் எழுதுந் தொழில்

(நம் சங்கத்தின் கல்விப் பரிசளிப்புக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நம் குலத்துச் சிறாருள் கல்வியிற் சிறந்தார்க்கு நம் சங்கம் ஆண்டுதோறும் பரிசில் நல்கி வருகின்றது. கணக்கிலும் அறிவியலிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர் பலர் இம்மேடையேறிச் சிறப்புற்றனர். அது சாலவும் நன்று. ஆயினும், சித்திரம் எழுதுவதில் வல்ல சிறுவன் ஒருவனேனும் சிறுமி ஒருத்தியேனும் இம்மேடைக்கு அழைக்கப்பெற்றதை யான் இதுகாறும் கண்டிலேன். ஆதலின், சிறுவர் நூல்களுக்குப் படம் எழுதுந் தொழிலைப் பற்றி இன்று சில கூற விழைகின்றேன். அத்தொழில் கல்வியின் ஒரு கூறே என்பதும், அதனை விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுத்தல் தகாது என்பதும் யான் நிறுவக் கருதியவை.

நம் மொழியில் ‘எழுதுதல்’ என்னுஞ் சொல் ஏட்டில் எழுத்தெழுதுதற்கும், சுவரில் ஓவியந் தீட்டுதற்கும் பொதுவாக வழங்கியது. ஓவியரை ‘கண்ணுள் வினைஞர்’ என்றது மதுரைக்காஞ்சி. காண்பார் கண்ணினுள்ளே தம் தொழிலை நிலைபெறச் செய்வோர் என்பது அதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கண்ட பொருள். பரிபாடலின் 19-ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காணும் மக்கள் பேசப்படுகின்றனர். சித்திரத்தைச் சுட்டி ‘இவர் யாவர்?’ என வினவுவாரும், இன்னார் என விடை பகர்வாருமாக அவர் நிற்கின்றனர். தாயின் மடியிலமர்ந்து படநூல் காணும் குழந்தை இன்று செய்வதும் அதுவேயன்றோ!

நம் மாவட்டத்தையே நோக்குவோம். பர்கூரை அடுத்த மல்லப்பாடியில் பண்டை மாந்தர் பாறைமீது வெண்ணிறத்தால் தீட்டிய உருவங்கள் உள. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்ப்புறங்களில் நடுகற்கள் பல நிற்கின்றன. வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவம் ஒருபுறம். அவன் பெயரும் வீழ்ந்த காரணமும் கூறும் சில வரிகள் மற்றொருபுறம். எழுத்தறியாதானும் உருவத்தைக் கண்டு செய்தி உணர்ந்தான். படமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இம்முறையே படநூலின் முறை.

மேனாட்டில் இதனைக் கல்விக்கு உரியதாக்கியவர் மொராவியா நாட்டறிஞர் கொமேனியஸ். அவர் 1658-இல் நியூரம்பர்க்கு நகரில் வெளியிட்ட நூலில், பொருளின் படம் மேலும், அதன் பெயரும் விளக்கமும் இலத்தீன், செருமன் ஆகிய இரு மொழிகளிற் கீழுமாக அமைந்தன. காணாத பொருளின் பெயரை உருப்போடுதல் கல்வியாகாது என்பது அவர் கொள்கை.

இனி, ஓசூர் எல்லையில் வாழும் நமக்கு இக்கொள்கை பிறரினும் மிக வேண்டப்படுவது. என்னை? இந்நிலப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், வடநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் இங்கு வந்து குடியேறின. ஆகவே தமிழ் வகுப்பில் அமரும் குழந்தைகளிற் பலர்க்கு வீட்டுமொழி வேறு. அத்தகைய குழந்தையிடம் எழுத்து மட்டும் நிறைந்த பாடத்தைக் கொடுப்பின் அது வாய் திறவாது. படநூலைக் கொடுப்பின், ‘யானை’ என்னுஞ் சொல்லை அறியுமுன்னரே, யானை எங்கிருந்து வந்தது, ஏன் ஓடுகின்றது எனத் தன் மொழியிற் கதை கூறத் தொடங்கும். அதன்பின் தமிழ்ச்சொல்லைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். இதனை யான் வகுப்பறையிற் பன்முறை கண்டிருக்கின்றேன்.

இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் ‘அம்புலிமாமா’ என்னுந் திங்களிதழைத் தமிழிலும், ‘சந்தமாமா’ என்னும் பெயரால் தெலுங்கிலும் தொடங்கினர். பின்னர் அது கன்னடம், இந்தி முதலிய பல மொழிகளிலும் பரவியது. மொழிதோறும் சொற்கள் மாறின; படங்களோ மாறவில்லை. நம் எல்லைக்கு இப்பாலுள்ள தமிழ்ச் சிறுவனும் அப்பாலுள்ள கன்னடச் சிறுமியும் ஒரே வேதாளத்தைக் கண்டு அஞ்சினர்.

தோளிற் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமன் உருவத்தை எழுதிப் புகழ்பெற்றவர் ஓவியர் சங்கர் எனப்படும் கே. சி. சிவசங்கரன். தாராபுரத்தை அடுத்த சிற்றூரில் 1924-இற் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்தபோது, தம் ஓவிய ஆசிரியர் கூறிய அறிவுரையை ஏற்று, பட்டப்படிப்பை நாடாது சென்னை ஓவியக் கல்லூரியிற் சேர்ந்தார். 1946-இல் கலைமகளிலும், 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவிலும் பணியேற்று, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சிறுவர்க்காகவே வரைந்தார். 2020-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்த அவர்க்கு அடுத்த ஆண்டிற் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. அன்று அவ்வாசிரியர் ‘படம் வரைந்து என்ன பயன்?’ என்று கூறியிருப்பின், பல தலைமுறைச் சிறார் இழந்திருப்பது எத்துணை!

இத்தொழிலின் அருமையைச் சிறிது காண்போம். படநூல் பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கங்களில் அடங்குவது. ஓவியர் முதலிற் கதையைப் பலமுறை படித்து, எப்பக்கத்தில் எந்நிகழ்ச்சி அமைதல் வேண்டுமெனச் சிறு கட்டங்களிற் கோட்டுருவாக வகுத்துக்கொள்வர். குழந்தை ஆவலோடு பக்கம் புரட்டுமாறு வியப்பினை அடுத்த பக்கத்தில் மறைத்து வைத்தல் வேண்டும். இரு பக்கமும் கூடும் தைப்பு மடிப்பில் முகம் அகப்படாமற் காத்தல் வேண்டும். மூன்றாம் பக்கத்துச் சிறுமியின் பாவாடைக் கரை இருபதாம் பக்கத்திலும் மாறாதிருத்தல் வேண்டும்; மாறின், முதலிற் கண்டுபிடிப்பது குழந்தையே. எழுத்துக்கு இடம் விடுதலும் வேண்டும். பன்மொழிப் பதிப்பாயின் எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் அமைப்பர். வண்ணத் தகடுகள் அவ்வாறே நிற்க, கறுப்புத் தகடொன்றை மாற்றினாற் தமிழ்நூல் கன்னட நூலாகும். ஒரு மொழியின் சொற்றொடர் மற்றொன்றினும் நீளுமாதலின், நீளும் மொழிக்கேற்ப இடம் விடுதலும் ஓவியர் கடன்.

இவ்வளவில் பெற்றோர் என்னை வினவுவர்: ‘ஐயா, இதனாற் சோறு கிடைக்குமோ?’ நேர்மையான வினா. நேர்மையாகவே விடை கூறுதல் வேண்டும். இது திங்கள்தோறும் சம்பளம் தரும் ஆலை வேலை போன்றதன்று. நூலுக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோரே மிகுதி. பலர் ஆசிரியப் பணியோ விளம்பரப் பணியோ உடன் பார்த்தே வாழ்கின்றனர். ஆயினும் வழி அடைபட்டதன்று. சென்னையில் தாரா பதிப்பகம் 1994-இலும், தூலிகா 1996-இலும் தோன்றின. பெங்களூரில் 2004-இல் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015 முதல் இணையவழியாகவும் பன்மொழிக் கதைகளைக் கட்டணமின்றி வழங்குகின்றது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடியினரான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரும் மரங்களைப் பற்றி எழுதிய ஓவியங்கள் 2006-இல் தாரா வெளியீடாகி உலகெங்கும் பரவின. தம் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பயின்ற மரபினையே அவர் ஏட்டிற்குக் கொணர்ந்தனர். நம் வாசலில் நாள்தோறும் கோலமிடும் பெண்மக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கற்பதற்கோ, 1850-இற் தோன்றிய சென்னைக் கல்லூரியும் கும்பகோணக் கல்லூரியும் அரசினரால் நடத்தப்படுகின்றன. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் சித்ரகலா பரிஷத் உளது.

சட்டமும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தாமே தொழில் செய்யும் ஓவியர் பொதுவாகத் தம் படத்திற்கு முதல் உரிமையாளர் ஆவர்; ஆயினும், பிறர் வேண்ட விலைபெற்று எழுதிய ஓவியமாயின், வேறு ஒப்பந்தம் இல்லாவிடத்து, எழுதுவித்தவரே முதல் உரிமையாளர் ஆவர். ஓவியர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டும் அவ்வுரிமை நிற்கும். அதனைப் பிறர்க்கு மாற்றிக்கொடுத்தல் கையொப்பமிட்ட எழுத்தினாலேயே ஆகும். கால எல்லை குறியாவிடின் ஐந்தாண்டு எனக் கொள்ளப்படும். ஆதலின், படியாமற் கையொப்பமிடுதல் ஆகாது. ஒருமுறைக் கூலியோ, விற்பனைப்படி ராயல்டியோ என்பதை முன்னரே தெளிந்துகொள்ளல் வேண்டும்.

‘இக்காலத்திற் கணினியே நொடியிற் படம் தருகின்றதே’ என்பாரும் உளர். மெய்யே, அதனால் இத்தொழிலர்க்கு இடர் உண்டு என்பதையும் மறுக்கேன். ஆயினும், கேழ்வரகுக் கொல்லையில் யானை புகும் இரவில் பரண்மீது காத்திருக்கும் பாட்டனின் முகத்தையும், மாங்காய்க் கூடை சுமக்கும் தாயின் நடையையும் அருகிருந்து கண்ட பிள்ளை நம்மூர்ப் பிள்ளை. ஆப்பிளும் பனிமழையுமே கண்டு வளரும் நம் குழந்தைகட்கு அவர்தம் ஊரையே காட்டவல்லவர் அப்பிள்ளையன்றி யாவர்?

எனவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஆண்டுப் பரிசில்களுள் ஒன்றைச் சித்திரத்திற்கு ஒதுக்குக. இரண்டாவது, கல்வி நிதியிலிருந்து ஓவியக் கல்லூரி சேர்வார்க்கும் பொறியியல் மாணவர்க்கு ஒப்ப உதவுக. மூன்றாவது, சங்க நூலகத்திற் படநூல்களுக்கென ஓர் அடுக்கு அமைத்து, அவற்றை விலைகொடுத்தே வாங்குக. வாங்குவார் இன்றேல் வரைவார்க்குக் கூலி ஏது?

பெற்றோர்க்கும் ஒரு சொல். கணக்கு நோட்டின் ஓரத்திற் பிள்ளை எதையேனும் வரைந்திருப்பின், அதனைக் கிழித்தெறியுமுன் ஒருமுறை உற்று நோக்குங்கள். ‘இது யார்? இங்கு என்ன நடக்கின்றது?’ என்று வினவுங்கள். பரங்குன்றத்து மக்கள் வினவியதும் அதுவே. கணக்கைப் போடச் சொல்லுவதை அதன்பின் செய்யலாம்.