ஆறு வாரக் கூலி

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



நீங்கள் அனுப்பும் காணிக்கைகளில் வாங்கிய மருந்து, கட்டில், கருவிகள் இவைகளுக்கு வருஷந்தோறும் உங்களுக்குக் கணக்குக் காட்டி வருகிறோம். இன்று எந்த மருந்துக் கணக்கிலும் வராத ஒரு செலவைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

கை மரத்துப்போகிறது என்று எங்களிடம் வரும் தாய்மார் பலர். பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பீடி சுற்றுகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்கிறது, நடு இராத்திரியில் எரிச்சலோடு விழிப்பு வருகிறது, கையை உதறினால் கொஞ்சம் குறைகிறது என்பார்கள். சிலர் கண்ணில் வேறொரு பயமும் இருக்கும். உணர்ச்சியற்ற கை என்றாலே குஷ்டரோகமோ என்ற அச்சம் நம் ஊர்களை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. சோதித்துப் பார்த்து, அது இல்லை என்று சொன்னவுடன் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்கவேண்டும்.

இவ்வியாதிக்கு கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு எலும்புகளும் அவற்றின் மேல் ஓடும் கெட்டியான பட்டை ஒன்றும் சேர்ந்து ஒரு குறுகிய வழியை உண்டாக்குகின்றன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் செல்லவேண்டும். உள்ளே நெருக்கம் அதிகமானால் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு உண்டு. ஆகவே அது தப்பித்துக்கொள்கிறது. ஓயாத கைவேலையோடு சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, முடக்குவாதம், கர்ப்பகாலம் இவைகளும் காரணமாகலாம். அசட்டையாக விட்டால் பெருவிரலின் அடிச்சதை வற்றி, ஊசி பிடிக்கவும் பொத்தான் போடவும் முடியாமல் போகும்.

சிகிச்சை பெரிதல்ல. ஆரம்பத்தில் வந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஒரு பட்டையே பலருக்குப் போதும். சிலருக்கு மணிக்கட்டில் ஊசி போடுகிறோம். முற்றிவிட்டால், கையை மட்டும் மரக்கச் செய்து, சிறு கீறல் போட்டு, நரம்பை நெரிக்கும் அந்தப் பட்டையை வெட்டிவிடுகிறோம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். ஆனால் இறுக்கிப் பிடித்து நாளெல்லாம் ஒரே அசைவைச் செய்யும் வேலைக்குத் திரும்ப ஆறு வாரம் ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

கஷ்டமெல்லாம் இந்த ஆறு வாரத்தில்தான். பீடி சுற்றும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரியால் நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டவேண்டும். ஆயிரம் பீடிக்கு ஆயிரம் தடவை, அதே மூன்று விரல்கள். புகையிலைத் தொழில் நல்லதா என்பது வேறு கேள்வி. அந்தக் கை இன்று எங்கள் முன்னால் நீட்டப்பட்டிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதி பெற்ற ஆலைத் தொழிலாளிக்கு வியாதிக்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டுவதில்லை. கை நின்ற அன்றே கூலியும் நிற்கும்.

“மாத்திரை எவ்வளவு வேணும்னாலும் கொடுங்க டாக்டரம்மா, கட்டு மட்டும் போட்டுராதீங்க” என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, இரண்டு வருஷம் கழித்து வருவார்கள். அதற்குள் நரம்பு கெட்டிருந்தால், பட்டையை வெட்டினாலும் இழந்த உணர்ச்சியும் பலமும் முழுதாகத் திரும்புவதில்லை. இலவச ஆபரேஷன் மட்டும் இவர்களுக்குப் போதாது என்பதை இதனால் அறிந்துகொண்டோம்.

இது புதிதாகக் கண்ட காரியமல்ல. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிரச் செய்தார். விரல் நிமிர்ந்தும் பிழைக்க வழியில்லாமல் நின்றவர்களைக் கண்டு, அவர்கள் தங்கித் தொழில் கற்க ‘நவஜீவ நிலையம்’ அமைத்தார். கையைச் சரிசெய்கிறவன், அந்தக் கை சம்பாதிக்கும் சோற்றையும் நினைக்கவேண்டும் என்பதை அவரிடம் கற்கிறோம்.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, உங்கள் சபையில் இராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழும்புகிற தாய்மார் இருந்தால், சீக்கிரமாய் வைத்தியரிடம் அனுப்புங்கள். இரண்டாவது, ஆபரேஷன் ஆன குடும்பத்துக்கு ஆறு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய்க்குக் காணிக்கை அனுப்புங்கள். மூன்றாவது, பணம் அனுப்புவதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு இந்த வியாதி வந்தால், வேறு ஆளை வைத்துவிடாதேயுங்கள். சம்பளத்தோடு ஆறு வாரம் ஓய்வு கொடுத்து, அந்த இடத்தை அவர்களுக்கே வைத்திருங்கள்.