பறவைகளைக் காட்டுகிறவர்

(கூட்டேரிப்பட்டில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் நடுநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேநீருக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்கும் நடுவில் எனக்குக் கிடைத்திருக்கும் நேரம் இது. “தென் அமெரிக்கப் பாலைவனங்களிலும் மேகக் காடுகளிலும் பறவை காணும் சுற்றுலா” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சமூக அறிவியலில் பாலைவனம் வருகிறது, அறிவியலில் தகவமைப்பு வருகிறது, இரண்டையும் இணைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். நான் தென் அமெரிக்காவுக்குப் போனதில்லை. கிழக்கே மரக்காணம், மேற்கே ஊட்டி, அவ்வளவுதான் என் எல்லை. படித்ததை வைத்துப் பேசுகிறேன். வரும் சனிக்கிழமை நாம் எல்லோரும் கழுவெளிக்குப் போகப் போகிறோம். இந்தப் பேச்சு அதற்கு ஒரு முன்தயாரிப்பாக இருக்கட்டும்.

பெரு நாட்டில் இத்தகைய சுற்றுலாக்கள் எப்படி நடக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். பத்துப் பேருக்கு உட்பட்ட ஒரு குழு, அதற்கு ஒரு வழிகாட்டி. கடற்கரைப் பாலைவனத்தில் தொடங்கி, ஆண்டிஸ் மலை ஏறி, மறுபக்கச் சரிவில் மேகம் படியும் காடுகளுக்குள் இறங்குவார்கள். அந்த ஒரு நாட்டில் 1,800க்கு மேற்பட்ட பறவை வகைகள் உண்டு. நம் இந்தியா முழுவதற்கும் சுமார் 1,350தான். பரப்பளவில் பெரு நம்மில் பாதிகூட இல்லை. ஒரே நாட்டில் கடல், பாலை, பனிமலை, மழைக்காடு என்று எல்லாம் அடுக்கி வைத்ததுபோல இருப்பதுதான் காரணம்.

கடலை ஒட்டியே பாலைவனம் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே கரையோரமாகத் தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் என்னும் குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. கடல்நீர் குளிர்ந்திருப்பதால் அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. மேலே எழும்பினால்தானே மழை? மூடுபனி வருகிறது, மழை வருவதில்லை. ஆனால் அதே குளிர்நீர் அடியாழத்திலிருந்து சத்துகளைக் கொண்டுவருவதால் கடலுக்குள் நெத்திலி இன மீன் கோடிக்கணக்கில் பெருகுகிறது. கரையில் புல் முளைக்காது. கடலிலோ பறவைக்கு அப்படி ஒரு விருந்து. நீர்க்காகம், கூழைக்கடா, பூபி என்னும் கடற்பறவை மூன்றும் பாராக்கஸ் பக்கத்துத் தீவுகளில் பாறை தெரியாதபடி உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பறவைகளின் எச்சம்தான் ‘குவானோ’. மழை பெய்யாததால் கரையாமல் மலைபோலக் குவிந்து கிடந்த உரம். இன்கா அரசர்கள் காலத்தில் இனப்பெருக்கப் பருவத்தில் அந்தத் தீவுகளில் கால் வைத்தாலே மரண தண்டனை என்று கார்சிலாசோ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு 1804இல் ஹம்போல்ட் அதன் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். 1840களில் ஏற்றுமதி தொடங்கியது. சிஞ்சா தீவுகளில் சீனக் கூலித் தொழிலாளிகளை வதைத்து, சுமார் நாற்பது ஆண்டுகளுக்குள் அத்தனையையும் சுரண்டி எடுத்தார்கள். உரமும் போயிற்று, பறவையும் குறைந்தது. 1909இல்தான் பெரு அரசு விழித்துக்கொண்டு ஒரு நிறுவனம் அமைத்தது. தீவுகளுக்குக் காவலர் போட்டு, முறைவைத்து வெட்டத் தொடங்கியது.

இதைப் படித்தபோது எனக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வந்தது. பெயரைப் பாருங்கள், வேடர்கள் இருந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள்தான், துப்பாக்கியோடு வந்து ஏரியில் பறவை சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீது கலெக்டரிடம் புகார் சொன்னவர்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை கொடுத்தார் என்பது வரலாறு. புகார் சொல்ல என்ன காரணம்? நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரியில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் நெல்வயலுக்குத் தழைச்சத்து தனியாக வாங்கிப் போட வேண்டியதில்லை. வெறும் முப்பது எக்டேர் ஏரி அது. பெருவில் அரசாங்கம் தாமதமாகச் செய்த காரியத்தை இங்கே உழவர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ‘பறவைகள் அழகானவை, காப்போம்’ என்று கரும்பலகையில் எழுதுவதைவிட இந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

இனி மேகக் காடு. ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குறிப்பிட்ட உயரத்தில் மேகமாகி மரங்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கிளை முழுக்கப் பாசி, மரத்தின் மேல் ஆர்க்கிட், இலை நுனியில் எப்போதும் சொட்டும் நீர். நம் நீலகிரி, பழனி மலைச் சோலைக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்வது கடினமல்ல. இத்தகைய காட்டில் பறவை பார்ப்பதும் எளிதல்ல. பத்தடிக்கு அப்பால் வெள்ளைத் திரை. குரல் மட்டும் கேட்கும்.

ஈக்வடார் நாட்டில் மிண்டோ அருகே அப்படி ஒரு காட்டில் ஆங்கெல் பாஸ் என்ற ஒரு விவசாயி இருக்கிறார். மரம் வெட்டியும் பழத்தோட்டம் போட்டும் பிழைத்தவர். அவர் நிலத்தில் ஆண் பறவைகள் கூடி ஆடும் ஓரிடம் இருந்தது. அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று யாரோ சொல்ல, பாதை வெட்டினார். அந்தப் பாதையில் ஒருநாள் ‘ஆன்ட்பிட்டா’ என்னும் பறவை வந்து நின்றது. கோழிக்குஞ்சுக்கு நீளமான கால் வைத்ததுபோல இருக்கும், பழுப்பு நிறம், தரையிலேயே திரியும். உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் குரலை மட்டும் கேட்டுவிட்டு ஏமாந்து திரும்பும் இனம் அது. பாஸ் மண்புழு தோண்டி எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஓடிவிட்டது. பல நாள் விடாமல் போட்டார். கடைசியில் வந்து தின்றது. அதற்கு மரியா என்று பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கினார், கூப்பிட்டால் வரவும் செய்தது. இன்று அவர் மரம் வெட்டுவதில்லை. பட்டம் பெற்ற பறவையியலாளர்கள் அவர் பின்னால் வரிசையில் நடக்கிறார்கள்.

இரை போட்டுப் பறவையைப் பழக்குவது சரியா என்ற விவாதம் அங்கேயே உண்டு. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் அப்படித்தான். கூட்டை விட்டுவிட்டு எதிரி வந்துவிட்டான் என்று பறவை ஓடிவரும். அந்த நேரத்தில் முட்டையைக் காகம் கொண்டுபோகும். சனிக்கிழமை யாரும் அதைச் செய்ய வேண்டாம். நான் பாஸைப் பற்றிச் சொன்னது வேறொரு காரணத்துக்காக.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், முதன்முறையாகப் பிள்ளைகளைக் கழுவெளிக்கு அழைத்துப் போனேன். அப்போது அது சரணாலயம் அல்ல. 2021 டிசம்பரில்தான் 5,151 எக்டேருக்கு மேல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. புலிக்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு நம் வாசலில் இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது. அறுபது பிள்ளைகள், ஒரு பேனர், என் கழுத்தில் விசில். கரையில் வரிசையாக நிற்க வைத்து, கையில் இருந்த வண்ணப்பட அட்டையைப் பார்த்து, “அதோ சிவப்புக் காலோடு நிற்கிறதே, அதன் பெயர் நெடுங்கால் உள்ளான்” என்றேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், “அது பவளக்காலி சார்” என்றான். அட்டையில் அப்படி இல்லையே என்று மறுத்தேன். அவன் விடவில்லை. “ஏரியில அதான் சார் காவக்காரன். அது ஒண்ணு கத்திச்சின்னா மொத்த ஏரியும் எந்திரிச்சிடும். அதுக்கப்புறம் ஒண்ணும் மாட்டாது.” “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “எங்கப்பா கண்ணி வெப்பாரு சார்” என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். செய்தது இது: அறுபது பிள்ளைகளுக்கு நடுவே, பறவை பிடிப்பது குற்றம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சிறை என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். சட்டம் சரிதான், நான் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த திங்கள்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. திண்ணையில் இடம் ஒதுக்கி உட்காரச் சொல்லிவிட்டு, “ஊரு முழுக்கத் தெரிஞ்ச விஷயந்தான் சார். பையன் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்க” என்றார்.

பையன் திரும்பி வந்தான். எட்டாம் வகுப்பு முடித்தான். ஆனால் பறவை என்ற சொல்லை என்னிடம் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன், அவனைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. பவளக்காலியின் எச்சரிக்கைக் குரல் பற்றி அவன் சொன்னது முழுக்க உண்மை என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள ஆறேழு ஆண்டுகள் ஆயின. எனக்கென்று ஓர் ஆங்கெல் பாஸ் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான்தான் விசில் ஊதி விரட்டினேன்.

அதற்குப் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். விசிலும் பேனரும் பள்ளியிலேயே இருக்கட்டும். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெரியும், இல்லாவிட்டால் எல்லாம் கறுப்புதான். முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் நிற்க வேண்டும். பெயர் கடைசியில்தான். அது என்ன செய்கிறது, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, அலகு எப்படி இருக்கிறது என்பவை முதலில். முழங்கால் அளவு நீரில் பவளக்காலி, சேற்றில் அரிவாள் மூக்கன், ஆழத்தில் கூழைக்கடா என்று பிள்ளைகளே நீரின் ஆழத்தை வரைபடமாகப் போட்டுவிடுவார்கள். தகவமைப்புப் பாடத்துக்கு வேறு படம் தேவையில்லை. பிறகு, “உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள். ஒரே பறவைக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் வரும். மூன்றையும் எழுதுங்கள். புத்தகப் பெயரை நான்காவதாக எழுதலாம். ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மட்டும் எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள்.

எண்ணிக்கைக்கு, 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் ஒரு பட்டியல். பள்ளி வேப்பமரமே போதும். அந்த எண்களை வைத்துக் கணக்கு ஆசிரியர் ஒரு மாதத்துக்குப் பட்டை வரைபடம் போடலாம்.

தென் அமெரிக்காவை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை கரை மரங்களைக் கவனியுங்கள், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு வக்கா தூங்கிக்கொண்டிருக்கலாம். பெருவின் கடலோரத்திலும் அதே இனம்தான். மரக்காணம் கடற்கரையில் கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளானும் அப்படியே: வடக்கே பனிப்பிரதேசத்தில் முட்டையிட்டு, சில இங்கே வருகின்றன, சில அங்கே போகின்றன. அட்டகாமாவின் உப்பு ஏரிகளில் மூன்று வகைப் பூநாரைகள் உண்டு. அங்கே பேட்டரிக்கான லித்தியத்துக்காக உவர்நீரை உறிஞ்சுகிறார்கள். இங்கே பூநாரை வரும் உவர்நீரைச் சுற்றி இறால் பண்ணைகள். உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி இரண்டு இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள், சமூக அறிவியல் ஆசிரியர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

பயண விவரம். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் வேன் நிற்கும். மயிலம் வழியாகக் கிழக்கே போகிறோம். சூரபத்மன் மயிலானதாகச் சொல்லும் ஊர் மயிலம், அதனால் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்ளலாம். பளிச்சென்ற நிறத்தில் சேலையும் சட்டையும் வேண்டாம். இரட்டைக்கண் தொலைநோக்கி இரண்டுதான் இருக்கிறது, மாற்றிக்கொள்வோம். தண்ணீர் கொண்டுவாருங்கள், பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பையன் இப்போது கட்டட வேலைக்குப் போகிறார். அவர் மகள் என் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் அவளை விட வந்தபோது, இருபது ஆண்டு தாமதமாக, அன்றைக்கு நான் பேசியது தவறு என்று வாசலிலேயே அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை எங்களுக்கு ஏரியைக் காட்ட வர முடியுமா, ஒருநாள் கூலியை நாங்கள் கொடுத்துவிடுகிறோம் என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் மகளின் புத்தகப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “சித்தாளு வேலை இல்லேன்னா பார்க்கலாம் சார்” என்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, “அஞ்சு மணிக்குக் கெளம்பினா லேட்டு. நாலுக்குக் கெளம்புங்க” என்றார்.

ஆகவே வேன் நான்கு மணிக்கு. மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.