மின்சாரக் காரும் வில் வண்டியும்

நம் ஊர்ப் பக்கங்களில் கட்டை வண்டி என்றும் வில் வண்டி என்றும் இரண்டு உண்டு. கட்டை வண்டியில் பாரம் அச்சின் மேலேயே அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கினால், அந்தக் கல் நம் முதுகெலும்பின் மேலேயே ஏறி இறங்கியதுபோல இருக்கும். வில் வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பூட்டியிருப்பார்கள். அடியைப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். பிரசவத்திற்குப் பிறந்தகம் செல்லும் பெண்ணையும், வைத்தியரிடம் செல்லும் முதியவரையும் இத்தகைய வண்டியில்தான் ஏற்றுவார்கள். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரிப்பது அடுத்த பாதுகாப்பு. இன்று பல லட்சம் ரூபாய் கொடுத்து மின்சாரக் கார் வாங்கப் புறப்படும் நாம், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், முன்னே உள்ள திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் கேட்கிறோம். அடியில் என்ன வில் என்று மட்டும் கேட்பதில்லை.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி சற்று அவசரமானது. லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருப்போரில் பலர், மூட்டை முடிச்சுகளுடன் ஹௌரா நிலையம் போய்ச் சென்னை மெயிலைப் பிடிப்பதற்கும், வீட்டுப் பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் நெடுங்காலம் மஞ்சள் நிற அம்பாசடர் டாக்ஸியையே நம்பியிருந்தவர்கள். ஹௌராவுக்கு வடக்கேயுள்ள உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957-ஆம் ஆண்டு முதல் 2014 வரையில் செய்து வந்த வண்டி அது. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரே அதற்கு மூலம். முன்சக்கரங்களுக்கு முறுக்கேறி நிமிரும் எஃகுத் தண்டுகள். பின்சக்கரங்களுக்கு நம் வில் வண்டியில் உள்ளவை போன்ற அடுக்குப் பட்டைகள். உயர்ந்த பக்கச்சுவர் கொண்ட டயர்கள். சோபாவைப் போன்ற பின்னிருக்கை. அந்த வண்டிக்குப் புகழ்மாலை சூட்டுவது நம் நோக்கமன்று. அது புகைந்தது, திருப்பத்தில் சாய்ந்தது, மழையில் ஒழுகவும் செய்தது. ஆயினும் பள்ளத்தில் இறங்கும்போது படகுபோல ஒருமுறை தாழ்ந்து எழுமே தவிர, உள்ளிருப்பவரைக் குத்தாது. வாடகை வண்டிகளின் வயதைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வரையறுத்துக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-இல் பிறப்பித்த உத்தரவின் பயனாக, அவை ஆண்டுக்கு ஆண்டு தெருவிலிருந்து மறைந்து வந்துள்ளன. அவ்விடத்திற்கு வந்துகொண்டிருப்பவற்றுள் மின்சாரக் கார்களும் உண்டு.

மின்சார வண்டி இந்நகருக்குப் புதிதன்று. எஸ்பிளனேடிலிருந்து கித்தர்பூருக்கு 1902 மார்ச் 27-இல் மின்சார டிராம் ஓடிற்று. நம் சென்னை அதற்கும் முந்தியது. அங்கே 1895 முதல் 1953 வரையில் மின்சார டிராம் ஓடியது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது மேடுபள்ளத்துக்கு இடமில்லை. ஆனால் அதே தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் காருக்கு அதுவே சோதனை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தாயாரை வாடகைக்கு அமர்த்திய ஒரு மின்சாரக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முதுகெலும்பு தேய்ந்தவர். புறப்பட்ட சில நிமிடங்கள் வண்டி ஓடுவதே தெரியவில்லை. பிறகு டிராம் தண்டவாளம் குறுக்கிட்டது. 'டக்' என்று ஓர் அடி, உடனே இன்னொன்று. தாயார் இருக்கையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு, "என்னப்பா இது, சத்தம் போடாத கட்டை வண்டியாக இருக்கிறதே!" என்றார். ஓட்டுநர் பாவம், மெதுவாகத்தான் ஓட்டினார்.

அந்த அடி எங்கிருந்து வந்தது? நடுத்தர மின்சாரக் காரில் மின்கலத் தொகுதி மட்டுமே ஏறக்குறைய 250 முதல் 400 கிலோ எடை இருக்கும். அது தரைப்பலகையின் கீழே பரப்பப்பட்டிருக்கிறது. வேகத்தடையிலும் கல்லிலும் அது இடிக்கக் கூடாது. ஆகவே அமைப்பாளர் பலர் வில்லை விறைப்பாக்கி, அது அமுங்கும் தூரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இவ்விடத்தில் சிறிய கணக்கு ஒன்று உதவும். வண்டியின் எடையால் வில் 25 சென்டிமீட்டர் அமுங்கி நிற்குமானால், வண்டி வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 11 சென்டிமீட்டரே அமுங்கினால் வினாடிக்கு ஒன்றரை முறை; 6 சென்டிமீட்டர் என்றால் இரண்டு முறை. மனித உடல் மேல்கீழ் அசைவுகளுள் வினாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வருவதையே மிகவும் வருத்தமாக உணர்கிறது. வில் விறைக்க விறைக்க, தெருவின் அசைவுகளுள் இத்தகையவை உள்ளே நுழைவதும் கூடுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் 1930-களிலேயே இவற்றைச் சோதித்து, முன்வில் பின்வில்லைவிடச் சற்று மென்மையாக இருந்தால் வண்டி தலையாட்டாமல் செல்லும் என்று காட்டினார்.

எடை மட்டுமே குற்றவாளி என்று கொள்வதும் தவறு. பாரமான உடலைச் சிறு சக்கரத்தின் துள்ளல் எளிதில் அசைத்துவிடாது. வில்லைச் செவ்வையாகப் பொருத்தினால் கனமான கார் இலேசான காரைவிட அமைதியாகவே செல்லும். நால்வர் ஏறினாலும் அதன் நடத்தை அதிகம் மாறாது. இன்னொன்று, பெட்ரோல் எஞ்சினின் ஓசை முன்பு பல சிறு தட்டல்களை மூடி மறைத்தது. எஞ்சின் இல்லாத வண்டியில் ஒவ்வொரு தட்டலும் காதிலும் விழுகிறது.

டயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டயரின் பக்கத்தில் 215/60 ஆர் 16 என்று பொறித்திருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர், உள்ளே உள்ள வளையம் 16 அங்குலம் என்று பொருள். அதே காரின் விலையுயர்ந்த வகையில் 215/50 ஆர் 18 பொருத்தியிருந்தால், மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பக்கச்சுவரோ 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். அந்த இரண்டு சென்டிமீட்டர் காற்றுமெத்தையை இழப்பதற்குத்தான் நாம் அதிகப் பணம் கொடுக்கிறோம். பெரிய வளையம் பார்வைக்கு அழகு என்பதை மறுக்கவில்லை. பின்னிருக்கையில் இருப்பவர் அதைப் பார்ப்பதில்லை. தூரம் கூடுதலாக ஓடட்டும் என்று சிலர் டயரில் அளவுக்கு மீறிக் காற்றடைக்கிறார்கள். கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த அளவே போதும்.

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே முறுக்குச் சட்டத்தால் இணைப்பது செலவு குறைந்த முறை. சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலும் இதுவே. ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் ஓரளவு அசையும். பல இணைப்புத் தண்டுகள் கொண்ட தனித்தனி அமைப்பு மேலானது, விலையும் மேலானது. காற்றுப் பையையே வில்லாகக் கொள்ளும் முறை நகரப் பேருந்துகள் பலவற்றிலும் உயர்விலைக் கார்களிலும் இருக்கிறது. நம் போன்றவர்களின் கைக்கு எட்டுவதன்று. வில்லின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோனால் எந்த அமைப்பும் பயனற்றது. பழைய கார் வாங்குவோர் அதை முதலில் பார்க்கட்டும். காலை எடுத்தவுடன் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு மின்சாரக் கார்களில் உண்டு. அதைக் குறைந்த நிலையில் வைக்காவிட்டால், பின்னே இருப்பவருக்குத் தலை முன்னும் பின்னும் ஆடிக் குமட்டல் வரும்.

சென்ற மாதம் நாங்கள் இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்தோம். தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, நால்வராக ஏறி, தார் மூடாமல் எஞ்சியிருந்த ஒரு டிராம் தண்டவாளத்தின்மேல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருமுறை சென்றோம். அகன்ற, வழவழப்பான சாலையிலேயே ஓட்டிக் காட்ட விரும்பிய விற்பனையாளருக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் எந்த வண்டி என்று தாயாரைக் கேட்டோம். சின்னச் சக்கரம் போட்டிருந்த வெள்ளைக் காரைச் சுட்டிக் காட்டினார். அதன் விலையைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.