பங்கு யாருக்கு? முதல் திரட்டலும் தமிழ்ச் சொல்லாக்கமும்



'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். தொழிலில் இடும் பொருளையும் குறிக்கும். முதலீடு, முதலாளி என்பன அதன்வழிப் பிறந்தவை. இத்துணை வளமிருந்தும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பெற்ற நிறுவனம் மேலும் முதல் திரட்டும் வழிகளைப் பிரித்துரைக்க நாம் இடர்ப்படுகின்றோம். இரண்டு வழிகளை மட்டும் இங்கு நோக்குவோம்.

முதலாவது, உரிமை வெளியீடு. பழைய பங்குதாரர்க்கே, அவரவர் பங்கின் விகிதப்படி, புதிய பங்குகளை வாங்கும் உரிமை அளிக்கப்பெறும். 2020 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2 பங்குகளுக்கு 3 புதிய பங்குகள் வீதம், பங்கொன்று 3 வெள்ளி விலையில் வழங்க அறிவித்தது. அவ்வழித் திரண்ட தொகை ஏறத்தாழ 5.3 பில்லியன் வெள்ளி. உரிமையை முழுமையாகப் பயன்படுத்தியவரின் விகிதம் குறையவில்லை.

இரண்டாவது வழியில், நிறுவனம் தான் தெரிந்தெடுத்த சில முதலீட்டாளர்க்கே பங்குகளை வழங்கும். விரிவான விளக்க அறிக்கை பெரும்பாலும் வேண்டுவதில்லை. சில நாள்களிலேயே பணம் சேரும். விலையோ பெரும்பாலும் சந்தை விலையினும் குறைவு. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் முதன்மைப் பட்டியலில், பங்குதாரரின் தனி ஒப்புதலின்றி அக்கழிவு 10 விழுக்காட்டைக் கடத்தல் ஆகாது.

ஒரு நிறுவனத்தில் 100 பங்குகள் இருக்க, ஒருவரிடம் 10 உள்ளன எனக் கொள்வோம். புதிதாக 20 பங்குகள் பிறர்க்கு வழங்கப்பெறின், அவரது 10 விழுக்காடு 8.33 ஆகக் குறையும். அவர் ஒன்றையும் விற்கவில்லை. ஆயினும் வாக்குவலிமை குன்றியது. இதனைப் 'பங்கு நீர்த்தல்' என்கின்றோம்.

இவ்வழியைத் 'தனியார் வெளியீடு' எனப் பெயர்ப்பதுண்டு. 'தனியார்' என்றதும் நம் உள்ளம் அரசு சாராதவரையே எண்ணும். அரசு தன் நிறுவனத்தைத் தனியாரிடம் விற்றது என ஒருவர் மயங்குதல் இயல்பே. ஆங்கே எதிர்நிலை அரசன்று. பொதுமக்களுக்கான திறந்த அழைப்பே. ஆகவே 'தனி ஒதுக்கீடு' எனின் பொருள் தெளியும். ஒதுக்கீடு எனும்போதே 'யாருக்கு?' என்னும் வினாவும் உடன் எழும்.

ஆண்டுக் கூட்டங்களில் இயக்குநர்க்குப் பங்கு வெளியிடும் பொது அதிகாரம் வழங்கும் தீர்மானம் வாக்குக்கு வரும். சேமிப்பைப் பங்கில் இட்ட முதியவர், அதன் பொருளறியாது ஒப்புதல் அளித்தல் தகுமா? சொல் தெளிந்தால் வினா எழும். வினா எழுந்தால் உரிமை காக்கப்பெறும். ஆசிரியர்கள் இச்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டு செல்க. மாணவர்கள் தம் இல்லத்தாருக்கு விளக்குக.